பாப் பாட்டு பிரமோஷனும் சிறுவர் டிவியும்: இரண்டையும் சேர்த்து ஒரே தீசிஸ் எழுத முடியுமா?

தேன்சிட்டு:

எல்லோருக்கும் வணக்கம். ஊடகவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தீசிஸ் தலைப்பு கொடுக்க இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் பதற்றத்தோடுதான் எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இரண்டு விஷயத்தில் தீராத ஆசை. ஒன்று பாப் இசை. பாட்டைக் கேட்பதை விட, ஒரு பாட்டு எப்படி ஒரே வாரத்தில் எல்லார் வாயிலும் வந்து உட்காருகிறது, அதற்குப் பின்னால் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதில்தான் ஆர்வம் அதிகம். இன்னொன்று சிறுவர் தொலைக்காட்சி. பெரியவர்கள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் ஒரு பிள்ளை முதன்முதலாக ஒரு பாடகரைப் பார்ப்பது பெரும்பாலும் அங்கேதான். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறேன் என்று கைடிடம் போய்ச் சொன்னேன். "இது இரண்டு தீசிஸ், ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வாம்மா" என்றார். நல்ல மனிதர், என் நேரம் வீணாகக் கூடாது என்றுதான் சொல்கிறார். ஆனால் எனக்கு இரண்டும் ஒன்று என்றே படுகிறது, ஏன் என்று கேட்டால்தான் கோவையாகச் சொல்ல வரவில்லை.

இதுவரை செய்திருப்பது இதுதான். 1990களின் கடைசியில் பிரிட்டனில் சனிக்கிழமை காலையில் வந்த சிறுவர் நிகழ்ச்சிகளை யாரோ ரசிகர்கள் டேப்பில் பிடித்து வைத்து, இப்போது இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அதில் 11 நிமிடத் துண்டு ஒன்றை எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து எக்செல்லில் குறித்தேன். மூன்று பாடகர்கள் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். புதுப் பாட்டின் பெயர் ஏழு தடவை வருகிறது: ஐந்து தடவை தொகுப்பாளர் சொல்கிறார், ஒரு தடவை பாடகர், ஒரு தடவை போனில் பேசிய ஒரு சிறுமி. "திங்கட்கிழமை கடைக்கு வருகிறது" என்பது இரண்டு தடவை. சிடி அட்டை கேமரா பக்கமாகத் திருப்பிப் பிடித்திருப்பது ஒன்பது வினாடி. அப்புறம் ஒரு விளையாட்டில் தோற்ற பாடகர் தலையில் பச்சைக் கூழை ஊற்றுகிறார்கள், அரங்கமே கத்துகிறது, அந்த ஷாட்டின் ஓரத்தில் மேசை மேல் அதே சிடி அட்டை நிற்கிறது. எந்த வினாடி நிகழ்ச்சி, எந்த வினாடி விளம்பரம் என்று இரண்டு பத்தியாகப் பிரித்துப் போட உட்கார்ந்தேன். கூழ் ஊற்றுகிற அந்த 40 வினாடியை எதில் போடுவது என்று ஒரு மாலை முழுக்க யோசித்தும் முடிவுக்கு வர முடியவில்லை.

இந்தத் துறையில் படித்தவர்கள், வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சேர்த்துப் படிக்கலாமா? எங்கே எல்லை போடுவது? பிள்ளைகளையே கேட்டு எழுதலாமா, அல்லது ஒரு மாணவி அதில் கை வைக்காமல் இருப்பது நல்லதா?

---

பழைய ரேடியோ:

தங்கச்சி, நான் இசைத் தொழிலின் வரலாற்றில் முனைவர் பட்டம் முடித்தவன். உங்கள் கைடு கேட்பதற்கான பதில் உங்கள் எக்செல்லிலேயே இருக்கிறது. நீங்கள் பிரிக்க முடியாமல் திண்டாடினீர்களே, அந்த இரண்டு பத்தியைப் பிரிக்க முடியாதபடி கட்டி வைத்தது யார், அதில் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். பாப் ஒரு பாடம், டிவி ஒரு பாடம் என்று ஆரம்பித்தால் இரண்டாகத்தான் தெரியும். ஒரு கொடுக்கல் வாங்கல் என்று ஆரம்பித்தால் ஒன்றுதான்.

இரண்டு பக்கத்து நெருக்கடியையும் பாருங்கள். சனிக்கிழமை காலை நேரலை நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று மணி நேரத்தை நிரப்ப வேண்டும், பட்ஜெட்டோ மாலை நேர நிகழ்ச்சிகளை விடக் குறைவு. பிரபலமான ஒரு குழு வந்து சோபாவில் உட்கார்ந்து, பாடி, கூழும் வாங்கிக்கொண்டு போகிறது என்றால் தயாரிப்பாளருக்கு அதை விட என்ன வேண்டும்? ரெக்கார்டு கம்பெனிக்கு வேறு நெருக்கடி. அன்றைய பிரிட்டனில் சிங்கிள், அதாவது ஒரு பாட்டுக்கான தனி வெளியீடு, திங்கட்கிழமை கடைக்கு வரும், விற்பனைக் கணக்கு சனிக்கிழமையோடு முடியும், ஞாயிற்றுக்கிழமை மாலை ரேடியோவில் சார்ட், அதாவது விற்பனை வரிசைப் பட்டியல், அறிவிப்பார்கள். 2015 ஜூலையில் உலகம் முழுக்க வெள்ளிக்கிழமை வெளியீடு என்று மாறும் வரை இந்தத் திங்கள் முறைதான். ஆக, அந்த வாரப் பாட்டுக்குச் சனிக்கிழமை காலைதான் கடைசி உந்தல். அடுத்த வாரப் பாட்டுக்கு அதே காலைதான் "நாளை மறுநாள் வருகிறது" என்று சொல்ல நல்ல நேரம். 90களின் பாதிக்கு மேல் ஒரு பாட்டை வெளியீட்டுக்குப் பல வாரம் முன்பே ரேடியோவுக்கும் டிவிக்கும் கொடுத்து ஆசையை ஏற்றிவிடுவார்கள், முதல் வாரம் விலையையும் குறைப்பார்கள், பாட்டு நேராக மேல் இடத்தில் வந்து விழும், அடுத்த வாரம் இறங்கும். இந்த ஆட்டத்துக்குத் தேவைப்பட்டது கைக்காசோடு அன்றே கடைக்குப் போகிற ஆள். அந்த ஆளுக்குப் பத்து வயது, அவர் சனிக்கிழமை காலை டிவி முன்னால் இருந்தார்.

இது 90களில் திடீரென்று முளைத்ததும் இல்லை. 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' என்ற பாட்டு நடன நிகழ்ச்சி 1957 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் நாடு முழுக்க ஒளிபரப்பானபோது பள்ளி விட்டு வரும் மாலை நேரத்தில்தான் போட்டார்கள். பாட்டு ஒலிபரப்பக் கமுக்கமாகக் காசு வாங்கும் 'பேயோலா' விவகாரம் வெடித்து 1960இல் விசாரணை வந்தபோது அதன் தொகுப்பாளர் டிக் கிளார்க்கும் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது, இசைக் கம்பெனிகளில் தனக்கிருந்த பங்குகளை அவர் கைவிட வேண்டி வந்தது. அப்புறம் 1966 செப்டம்பரில் என்பிசியில் 'தி மங்கீஸ்'. தொடருக்காகவே ஆள் எடுத்து உருவாக்கிய குழு. முதல் இரண்டு ஆல்பங்களில் பெரும்பாலும் வாத்தியம் வாசித்தது வேறு கலைஞர்கள். பையன்கள் எங்கள் இசையை நாங்களே செய்கிறோம் என்று மல்லுக்கு நின்றார்கள், 1967 தொடக்கத்தில் இசைப் பொறுப்பாளர் டான் கிர்ஷ்னர் வெளியேற்றப்பட்டார். அவர் அடுத்து கையில் எடுத்தது 'தி ஆர்ச்சீஸ்', 1968இல் சிபிஎஸ் சனிக்கிழமை காலையில் வந்த கார்ட்டூன் குழு. அதன் 'சுகர், சுகர்' 1969இல் அமெரிக்க சார்ட்டில் நான்கு வாரம் முதலிடம். கார்ட்டூன் பாத்திரம் சம்பளமும் கேட்காது, வாத்தியம் நானே வாசிப்பேன் என்றும் அடம்பிடிக்காது. அந்தப் பாட்டை அட்டைத் தட்டாக அச்சடித்து காலை உணவு சீரியல் பெட்டியின் முதுகிலும் ஒட்டினார்கள், பிள்ளைகள் கத்தரியால் வெட்டி எடுத்து பிளேயரில் போட்டுக் கேட்கலாம். டிவி, பாட்டு, சீரியல் மூன்றும் ஒரே காலையில் ஒரே பிள்ளையின் முன்னால்.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு எது என்று கேட்டால், 1999 ஏப்ரலில் பிபிசியின் சிறுவர் நேரத்தில் தொடங்கிய 'மயாமி 7' என்பேன். ஸ்பைஸ் கேர்ள்ஸை முன்பு நிர்வகித்த சைமன் ஃபுல்லர் உருவாக்கிய எஸ் கிளப் 7 குழு அதில் தங்கள் பெயரிலேயே நடித்தது. தொடரின் தலைப்புப் பாட்டுதான் அவர்களுடைய முதல் சிங்கிள். ஏப்ரலில் தொடர் தொடங்குகிறது, ஜூனில் சிங்கிள் வருகிறது, நேராக முதலிடம். இத்தனையும் விளம்பரமே போடாத, உரிமக் கட்டணத்தில் நடக்கிற சேனலில்! வாரா வாரம் பிள்ளைகள் பார்த்தது கதையை, மனப்பாடம் ஆனது பாட்டு. விளம்பர இடைவேளை இல்லாத இடத்தில் விளம்பரத்தை எங்கே தேடுவது என்ற கேள்விக்கு இதை விட நல்ல களம் கிடைக்காது. கைடிடம் முதலில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

---

ஸ்டூடியோ வாசல்:

மேலே அண்ணன் வரலாறு சொல்லிவிட்டார், நான் தரை மட்டத்திலிருந்து சொல்கிறேன். ஒரு சிறுவர் சேனலில் ஆறு வருடம் இருந்தேன், முதலில் ரன்னர் (அரங்கில் எடுபிடி வேலை), அப்புறம் விருந்தினர்களை ஒழுங்கு செய்யும் வேலை.

பாடகர் தனியாக வரமாட்டார். கூடவே கம்பெனியின் டிவி ப்ளக்கர் வருவார். ப்ளக்கர் என்றால், தன் கம்பெனிப் பாட்டை நிகழ்ச்சிகளில் ஏற்றிவிடுவதையே முழு நேர வேலையாகச் செய்பவர். தயாரிப்பாளரின் பிள்ளை எந்த வகுப்பு படிக்கிறது என்பது வரை தெரிந்து வைத்திருப்பார். காசு கைமாறி நான் பார்த்ததில்லை, அது வேண்டியதும் இல்லை. பேரம் ஆட்களில் நடக்கும். "அடுத்த மாதம் பெரிய குழுவை முதலில் உங்களுக்குத் தருகிறேன், இந்த வாரம் என் புதுப் பையனைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்பார். எந்தப் பெரிய குழு எங்களுக்கு முதலில் வரும், எந்தக் குழு போட்டிச் சேனலுக்குப் போகும் என்பதெல்லாம் இப்படித்தான் முடிவாகும். நீங்கள் எக்செல்லில் பார்க்கிற 11 நிமிடத்துக்குப் பின்னால் இப்படி இரண்டு மாதப் பேச்சு இருக்கும், அது திரையில் தெரியாது.

மூன்றரை நிமிடப் பாட்டை இரண்டு நிமிடத்துக்கு வெட்டித்தான் கொண்டு வருவார்கள். இரண்டாவது சரணம் போய்விடும், பல்லவி தங்கும். பெரும்பாலும் வாயசைப்புதான், சில பேர் மட்டும் மைக்கை உயிரோடு வைக்கச் சொல்வார்கள். கேள்விகள் முந்தின நாளே அட்டையில் அச்சாகி, ப்ளக்கர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் தொகுப்பாளர் கைக்குப் போகும். காதலி உண்டா என்ற கேள்வி வெட்டப்படும், பிடித்த நிறம் என்ன என்பது தங்கும். ஏன் என்றால், பார்க்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் "நம்முடைய ஆள்" ஆகவே இருக்க வேண்டும்.

ஒரு நாள் நடந்ததை நான் மறக்கவே இல்லை. அரங்கத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு மைக் கொடுத்தோம். அவன் கேட்க வேண்டிய கேள்வியை ஒத்திகையிலேயே சொல்லிக் கொடுத்திருந்தோம், செல்ல நாய் பற்றியது. நேரலையில் அவன் அதை விட்டுவிட்டு, "இந்தப் பாட்டை நீங்களேவா எழுதினீங்க?" என்று கேட்டுவிட்டான். பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்னால் கண்ணைத் திருப்பி, கேமராவுக்கு இடப்பக்கம் நின்றிருந்த ப்ளக்கரைப் பார்த்தார். ஒரு வினாடி கூட இருக்காது. அப்புறம் சிரித்துக்கொண்டே "எல்லாரும் சேர்ந்து செஞ்சோம்" என்றார். பழைய டேப்பில் பாடகர்களின் கண் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள் தேன்சிட்டு. உங்கள் அட்டவணையில் அதற்கும் ஒரு பத்தி போடுங்கள்.

இன்னொரு விஷயம், ரொம்ப முக்கியம். ரசிகர்கள் ஏற்றிய பதிவுகளை அப்படியே நம்பி எண்ணாதீர்கள். டேப்பில் பிடித்தவர்கள் இடைவேளை வந்ததும் ரெக்கார்டிங்கை நிறுத்திவிடுவார்கள், தங்களுக்குப் பிடித்த குழு வந்த பகுதியை மட்டும் வைத்திருப்பார்கள். பதிப்புரிமைப் புகார் வந்து பாட்டுப் பகுதியையே வெட்டிய அல்லது ஒலியை அணைத்த பதிவுகளும் உண்டு. அதை வைத்து "மொத்த நேரத்தில் இத்தனை சதவீதம் பிரமோஷன்" என்று எழுதினால் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஒரு பேட்டிக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க அந்தப் பதிவு போதும், மொத்தக் கணக்குக்குப் போதாது.

---

மழைக்காகிதம்:

நான் ஊடகச் சட்டம் படிப்பவன். பழைய ரேடியோ அண்ணன் சொன்ன மயாமி 7 நல்ல களம்தான், ஆனால் எல்லை போடும் விஷயத்தில் அவரோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். 1957இலிருந்து ஆரம்பித்தால் முதுகலை தீசிஸ் தாங்காது. வரலாறு நான்கு பக்கத்தில் முடியட்டும்.

முதலில் சட்டம், ஏனென்றால் உங்கள் இரண்டு பத்திப் பிரச்சினையைச் சட்டமும் பட்டிருக்கிறது. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சிறுவர் தொலைக்காட்சிச் சட்டம், 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளில் மணிக்கு எத்தனை நிமிடம் விளம்பரம் போடலாம் என்று வரம்பு வைத்தது: வார இறுதியில் 10.5 நிமிடம், வார நாளில் 12. நிகழ்ச்சியே விளம்பரமாகிவிடக் கூடாது என்றும் விதி உண்டு. ஆனால் ஒழுங்குமுறை ஆணையம் அதற்கு வைத்த இலக்கணத்தைப் பாருங்கள். ஒரு பொருளோடு தொடர்புள்ள நிகழ்ச்சியில் அதே பொருளின் விளம்பரமும் ஓடினால்தான் அது முழு நீள விளம்பரமாகக் கணக்கு. அதாவது ஒரு பாடகியைப் பற்றிய தொடர் ஓடலாம், அவள் பாட்டெல்லாம் அதில் வரலாம், ஆல்பத்துக்கான தனி விளம்பரத்தை அந்தத் தொடரின் இடைவேளையில் போடாத வரை தொடர் வெறும் தொடர்தான். உங்கள் பச்சைக் கூழுக்குச் சட்டத்தில் பத்தியே கிடையாது.

பிரிட்டனில் 2011 பிப்ரவரி 28 முதல் காசு வாங்கிக்கொண்டு நிகழ்ச்சிக்குள் பொருளைக் காட்டலாம் என்று அனுமதித்தபோதும் சிறுவர் நிகழ்ச்சிகளில் கூடாது என்று விலக்கி வைத்தார்கள். ஆனால் ஒரு பாடகர் விருந்தினராக வந்து தன் புதுப் பாட்டைப் பாடினால்? அவர் விருந்தினர். அவரே பொருள், அவரே நிகழ்ச்சி. சிறுவர் டிவியில் மற்ற எந்தப் பொருளுக்கும் இந்த வசதி இல்லை, பொம்மை தானாக வந்து பேட்டி கொடுக்காதே. உங்கள் கைடு "ஏன் பாப் இசை, ஏன் பொம்மையோ மிட்டாயோ இல்லை" என்று கட்டாயம் கேட்பார், அப்போது இதைச் சொல்லுங்கள்.

இப்போது எல்லை. என் யோசனை 2006ஆம் ஆண்டு. அந்த ஒரே வருடத்தில் பிரிட்டனில் 1978 முதல் வந்த 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' பாப் இசை இதழ் பிப்ரவரியில் நின்றது, சனிக்கிழமை காலையின் 'சிடி:யூகே' இசை நிகழ்ச்சி ஏப்ரலில் நின்றது, 1964இலிருந்து ஓடிய 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' வாராந்திர நிகழ்ச்சி ஜூலையில் முடிந்தது. அதே வருடம் அமெரிக்காவில் டிஸ்னி சேனலில் ஜனவரியில் 'ஹை ஸ்கூல் மியூசிகல்' படம், மார்ச்சில் 'ஹானா மொன்டானா' தொடர். முதலாவதின் பாட்டு ஆல்பம் படம் ஒளிபரப்பாவதற்குப் பத்து நாள் முன்பே கடைக்கு வந்து, அந்த வருடம் அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பம் ஆனது. ஹானா மொன்டானா ஆல்பமும் இலையுதிர் காலத்தில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. அந்த அக்டோபரில் கூகுள் யூடியூபை வாங்கியது.

வரிசையாக வைத்துப் பார்த்தால், பல கம்பெனிப் பாடகர்கள் வந்து போகிற பொதுச் சோபா ஒரு பக்கம் மூடுகிறது, இன்னொரு பக்கம் சேனலும் ரெக்கார்டு கம்பெனியும் ரேடியோவும் ஒரே முதலாளியிடம் இருக்கிற வீடு எழுகிறது. டிஸ்னிக்குச் சேனல் உண்டு, ஹாலிவுட் ரெக்கார்ட்ஸ், வால்ட் டிஸ்னி ரெக்கார்ட்ஸ் உண்டு, 1996இல் தொடங்கிய ரேடியோ டிஸ்னியும் இருந்தது. ஸ்டூடியோ வாசல் அக்கா சொன்ன அந்தப் ப்ளக்கர் இந்த வீட்டில் யாரிடம் போய்ப் பேரம் பேசுவார்? வெளியாளிடம் கேட்டு வாங்க வேண்டியது எல்லாம் உள்ளேயே இருக்கிறதே. 1999இன் பிரிட்டன் சோபா, 2006இன் டிஸ்னி வீடு. இரண்டை மட்டும் வைத்து ஒப்பிடுங்கள், 80 பக்கத்துக்குள் அடங்கும்.

---

தேன்சிட்டு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஸ்டூடியோ வாசல் அக்கா, நேற்று இரவே மறுபடி அந்த டேப்பைப் போட்டுப் பார்த்தேன். மூன்று பேரில் நடுவில் இருப்பவர் இரண்டு இடத்தில் கேமராவுக்கு வெளியே பார்க்கிறார். ஒன்று, வெளியீட்டுத் தேதியைச் சொல்வதற்குச் சற்று முன்னால். முன்பு நூறு தடவை பார்த்திருந்தும் கண்ணில் படவே இல்லை.

மழைக்காகிதம் சொன்ன 2006 யோசனை எனக்குப் பிடித்துவிட்டது. ஒரு சந்தேகம் மட்டும். யூடியூபைக் கடைசி அத்தியாயமாக வைக்கலாமா? 'பேபி ஷார்க்' மாதிரி பாட்டை விட்டுவிட்டால் கதை பாதியில் நிற்பது போல இருக்கிறது. பிள்ளைகளிடம் பேசலாமா என்று கேட்டதற்கும் யாராவது சொல்லுங்கள்.

---

மழைக்காகிதம்:

வேண்டாம், முடிவுரையில் ஒரு பக்கம் போதும். பேபி ஷார்க் நடன வீடியோ 2016 ஜூனில் ஏறியது, 2022 ஜனவரியில் யூடியூபில் முதன்முதலாக 1,000 கோடிப் பார்வையைத் தொட்டது, ஆனால் அது பிள்ளைகளுக்கென்றே செய்த பாட்டு பெரியவர்களின் சார்ட்டுக்குள் நுழைந்த கதை. உங்களுடையது பாப் பாட்டு பிள்ளைகளைத் தேடி வந்த கதை. திசையே வேறு. போதாக்குறைக்கு, பிள்ளைகளின் தகவலைச் சேகரித்த விவகாரத்தில் 2019 செப்டம்பரில் யூடியூப் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்ட பிறகு, 2020 ஜனவரியிலிருந்து சிறுவர் வீடியோக்களில் கமென்ட் இல்லை, ஆளைப் பார்த்துப் போடும் விளம்பரம் இல்லை. அதைத் தொட்டால் புதிதாக ஒரு தீசிஸ் ஆகிவிடும்.

---

சாக்பீஸ்:

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதற்கு நான் சொல்கிறேன். பதினெட்டு வருடமாக ஆசிரியை, நடுவில் பிள்ளைகளும் ஊடகமும் பற்றி ஆய்வு செய்து எம்.ஃபில் முடித்தேன்.

பேசலாம்மா, பேசத்தான் வேண்டும். ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவே தங்களைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது. ஆனால் மூன்று வாரத்தில் அனுமதி வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கல்லூரியின் நெறிமுறைக் குழு, பள்ளி, பெற்றோர், அப்புறம் பிள்ளையின் சொந்தச் சம்மதம், இத்தனையும் வேண்டும். பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் பிள்ளை தலையசைக்கவில்லை என்றால் நோட்டை மூடிவிட வேண்டும். நான் இதற்கே நான்கு மாதம் அலைந்தேன்.

எதைக் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு விளம்பரத்தின் நோக்கம் தங்களை இணங்க வைப்பது என்று சரியாகப் பிடிபடாது என்பதை அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2004இல் விரிவாகச் சொன்னது. அதைப் படித்துவிட்டு, பாவம் பிள்ளைகள், ஏமாந்து போகிறார்கள் என்ற முடிவோடு பள்ளிக்கூடம் போனேன். பத்து வயதுப் பெண் ஒருத்தி தன் ஒட்டு நோட்டைக் கொண்டு வந்து காட்டினாள். ஒரு பாடகர் குழுவின் படங்கள், பத்திரிகையிலிருந்து வெட்டியவை, ஓரமெல்லாம் ரொம்பச் சுத்தமாக வெட்டியிருந்தாள். ஐந்து பேரில் ஒருவரின் தலையை மட்டும் எல்லாப் படத்திலும் வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன் தோழியின் பாஸ்போர்ட் சைஸ் படத்தை ஒட்டியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "இவருக்குப் பாட வராது மிஸ், சும்மா நிக்கத்தான் வெச்சிருக்காங்க. என் ஃப்ரெண்டு நல்லாப் பாடுவா" என்றாள். அவர்கள் டிவியில் வருவதே சிடி விற்கத்தானே என்று கேட்டதற்கு, "அது தெரியும் மிஸ், பாட்டு நல்லாருக்குல்ல" என்றாள். நான் எழுதி வைத்திருந்த பதினான்கு கேள்வியில் பன்னிரண்டை அன்றைக்கே அடித்துவிட்டேன்.

இந்த மாதிரி வீட்டுக்குள், அறைக்குள், தோழிகளுக்குள் நடக்கும் ரசனையை இளைஞர் பண்பாட்டு ஆய்வுகள் கவனிக்காமல் விட்டுவிட்டன என்று ஏஞ்சலா மெக்ராபியும் ஜென்னி கார்பரும் 1976லேயே எழுதினார்கள். தெருவில் நிற்கும் பையன்களையே எல்லாரும் ஆராய்ந்துகொண்டிருந்த காலம் அது. சுவரில் போஸ்டர் ஒட்டி வைத்திருக்கிற சிறுமியும் ஒரு பண்பாட்டில்தான் இருக்கிறாள் என்று அவர்கள் காட்டினார்கள். நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் தீசிஸ் முழுக்கக் கம்பெனிக்காரர்கள் மட்டுமே இருப்பார்கள், பிள்ளை வெறும் கைக்காசாக ஓரத்தில் நிற்கும். பழைய ரேடியோ தம்பி எழுதியதில் எனக்கு இருக்கிற ஒரே குறை அதுதான்.

உங்கள் அவகாசத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். இன்றைய பிள்ளைகளை விட்டுவிடுங்கள். 1999இல் பத்து வயதாக இருந்தவர்கள் இப்போது முப்பதுகளின் நடுவில் இருக்கிறார்கள். அந்த டேப்பை ஏற்றினார்களே, அவர்களுக்கே எழுதிக் கேளுங்கள். ஏன் பிடித்து வைத்தீர்கள், எதை வெட்டினீர்கள், ஏன் இத்தனை வருடம் தூக்கிப் போடவில்லை என்று. வயது வந்தவர்கள் என்பதால் அனுமதி வாங்குவதும் எளிது.

---

பழைய ரேடியோ:

சாக்பீஸ் அக்கா சொல்வது சரி, பிள்ளையை வெறும் வாங்குகிற ஆளாகத்தான் நான் எழுதியிருக்கிறேன். ஏற்றுக்கொள்கிறேன்.

தேன்சிட்டு, டேப்புக்கு வெளியே சரிபார்க்க இரண்டு இடம். பிபிசி ஜீனோம் தளத்தில் 1923 முதல் 2009 வரையான நிகழ்ச்சிப் பட்டியல் இலவசமாகத் தேடலாம், பல வாரங்களுக்கு விருந்தினர் பெயரும் இருக்கும். அமெரிக்கப் பக்கத்துக்கு, இசைத் தொழில் பத்திரிகையான பில்போர்டின் பழைய இதழ்கள் கூகுள் புக்ஸில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. சார்ட்டை மட்டும் பார்க்காதீர்கள், கம்பெனிகள் கடைக்காரர்களுக்காகக் கொடுத்த முழுப்பக்க விளம்பரங்களைப் பாருங்கள். இந்தத் தேதியில் இந்தச் சேனலில் வருகிறது, சரக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி அதில் பச்சையாகவே எழுதியிருப்பார்கள். பிள்ளைகளிடம் சொல்லாததை வியாபாரிகளிடம் சொல்லியிருப்பார்கள்.

---

தேன்சிட்டு:

இன்று கைடைப் பார்த்துவிட்டு வந்தேன். மயாமி 7, டிஸ்னி 2006, இரண்டே களம். கேள்வி ஒன்றுதான்: விளம்பரம் என்று சட்டம் பெயர் வைக்காத இடத்தில் பாப் பாட்டு எப்படிப் பிள்ளைகளிடம் விற்கப்பட்டது, வாங்கிய பிள்ளைகள் அதை எப்படித் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். சட்டத்தின் அந்த இலக்கணத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பொம்மை ஏன் இல்லை என்று மழைக்காகிதம் சொன்னபடியே கேட்டார், பதிலும் கைவசம் இருந்தது. எழுதிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார்.

எக்செல்லில் நிகழ்ச்சி, விளம்பரம் என்ற இரண்டு பத்தியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக யார் பேசுகிறார், யாரைப் பார்த்துப் பேசுகிறார், கண் எங்கே போகிறது, பொருள் திரையில் இருக்கிறதா என்று நான்கு பத்தி. கூழ் ஊற்றுகிற 40 வினாடி இப்போது தடங்கலில்லாமல் உட்கார்ந்துவிட்டது.

டேப் ஏற்றிய மூன்று பேருக்குக் கடிதம் எழுதினேன். ஒருவர் உடனே பதில் போட்டிருக்கிறார். அப்போது அவருக்குப் பதினொரு வயதாம். இடைவேளை வரும்போது நிறுத்தும் பொத்தானை அழுத்துவதற்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடியோ பிளேயர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருப்பாராம், ஒரே ஒரு வாரம் மட்டும் அவருக்குப் பிடித்த குழுவின் ஆல்பம் விளம்பரம் இடைவேளையில் வந்ததால் கையை எடுத்துவிட்டு அதையும் சேர்த்துப் பிடித்தாராம். அந்த டேப் இன்னும் இருக்கிறது, டிஜிட்டலாக மாற்றி அனுப்புகிறேன் என்கிறார்.

---

ஸ்டூடியோ வாசல்:

அருமை. அனுப்பும்போது வெட்டாமல், முதலிலிருந்து கடைசி வரை அப்படியே மாற்றித் தரச் சொல்லுங்கள். டேப் உறையில் கையால் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.